மாடித் தூசியில் நுண்விண்கல்: நீலகிரிப் பள்ளிகள் சேகரிக்கவும் காக்கவும் ஒரு செய்முறை

பென்னு சிறுகோளின் மண் 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்து இறங்கியது. மொத்த எடை 121.6 கிராம். அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் ரியூகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது 5.4 கிராம். 2010இல் முதல் ஹயபுசா இட்டோகாவா சிறுகோளிலிருந்து கொண்டுவந்ததோ ஆயிரத்து ஐந்நூறு சொச்சம் பொடித் துகள்கள்தான். இவையெல்லாம் ஆய்வாளர்கள் விண்ணப்பித்து, காரணம் சொல்லி, கடனாகப் பெறுபவை. கோத்தகிரியிலோ குன்னூரிலோ உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு வந்து சேராது.

ஆனால் சிறுகோள்களும் வால்மீன்களும் உதிர்க்கும் தூசி நம் மொட்டை மாடிகளில் தானாகவே விழுகிறது. மணல்போலப் பொடியான இந்தத் துகள், அதாவது நுண்விண்கல், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஒன்று என்ற அளவில் விழுவதாகத் தோராயமாகக் கணக்கிடுகிறார்கள். நகரத்துக் கூரைகளில் இது கிடைக்காது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். நார்வேயின் ஜாஸ் இசைக்கலைஞர் ஜான் லார்சன் கூரைத் தூசியைச் சலித்துச் சலித்தே அந்த எண்ணத்தை மாற்றினார். அவரும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஐந்நூறு துகள்களைப் பற்றி எழுதிய கட்டுரை 2017இல் வெளியானது.

துகளைக் கண்டுபிடிப்பதைப் பெரிய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். பொறுமை இருந்தால் அது நடந்துவிடும். அந்தத் துகளின்மேல் நம் ஊர்த் தூசி எது, நம் கை அழுக்கு எது என்று பிறகு கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். சேகரிப்புக்கு மதிப்பு அங்கேதான். கீழே சொல்லும் வேலைகளில் பாதி அதற்கானவை.

மாடியும் மாதமும்

தட்டையான கான்கிரீட் மாடி, சுற்றிலும் கைப்பிடிச் சுவர், தண்ணீர் முழுவதும் ஒன்றிரண்டு வடிகுழாய் வழியாகவே இறங்கும் அமைப்பு: இப்படி ஒன்று கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 சதுர மீட்டருக்குக் குறைந்தால் உழைப்புக்கு ஏற்ற பலன் இருக்காது. மங்களூர் ஓட்டில் பாசியும் ஓட்டுத் தூளும் சேர்ந்து கழுத்தை அறுக்கும். தகரக் கூரையிலிருந்து வருவதில் பெரும்பங்கு துருவும் துத்தநாகச் செதிலும். மாடியில் எப்போதாவது வெல்டிங் நடந்ததா, தண்ணீர்த் தொட்டிக்கு இரும்புச் சட்டம் அங்கேயே வைத்து அறுத்தார்களா என்று காவலாளியிடம் கேளுங்கள். தலைமை ஆசிரியரைவிட அவருக்குத்தான் அது நினைவிருக்கும். ஆம் என்றால் வேறு மாடி பாருங்கள். விறகு எரிக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி காற்று வரும் பக்கம் இருந்தாலும் அப்படியே. சில்வர் ஓக்கும் தைலமரமும் மேலே கவிந்திருந்தால் இலைச் சருகைக் கழுவியே ஓய்ந்துபோவீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை எடுப்பது நல்லது. மேற்கே கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். கிழக்கே குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலமாக இருக்கும். இரண்டும் ஓய்ந்தபின் கனமான மணல் வடிகுழாய் வாயிலும் சுவர் மூலையிலும் தங்கி, காய்ந்து கிடக்கும். கோடை மழை தொடங்கிவிட்டால் அந்த இருப்பு குழாயோடு போய்விடும்.

அள்ளுவதற்கு முன் மூன்று வேலை

முதலில் படம். அள்ளும் இடத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, மாடியின் வரைபடத்தில் குறியுங்கள்.

இரண்டாவது, சாட்சித் தட்டு. பென்னுவுக்குப் போன ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் தன்னோடு அலுமினியத் தாள், நீலக்கல் தகடு இவற்றைத் திறந்து வைத்து எடுத்துப்போனது. மாதிரியில் புதிதாக ஏதாவது தெரிந்தால், அது சிறுகோளிலிருந்து வந்ததா, கலத்திலிருந்தே வந்ததா என்று பார்க்க அந்தத் தகடுகள். நமக்குச் சமையலறை அலுமினியத் தாளே போதும். உள்ளங்கை அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை அள்ளும்போது பக்கத்தில் திறந்து வையுங்கள். இன்னொன்றை நுண்ணோக்கி மேசையில் துகள் பொறுக்கும் நேரமெல்லாம் திறந்து வையுங்கள். முடிந்ததும் மடித்து, தேதி எழுதி, பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நுண்விண்கல்போலத் தோன்றி ஏமாற்றும் உள்ளூர்ப் போலிகளின் மாதிரி: பள்ளி மைதானத்துச் செம்மண், தேயிலைத் தொழிற்சாலைக் கொதிகலன் சாம்பல், வெல்டிங் பட்டறைத் தரைத் தூசி, தீபாவளி மறுநாள் வாசலில் கிடக்கும் கம்பி மத்தாப்புக் கசடு, மலைப்பாதையின் வெள்ளைக் கோட்டிலிருந்து உதிர்ந்த பொடி. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். பிறகு நுண்ணோக்கியில் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் கைகொடுக்கும்.

அள்ளி, கழுவி, சலித்து

புதுப் பிளாஸ்டிக் தூரிகை, புது முறம், தடித்த பாலித்தீன் ஜிப் கவர். ஒரு மாடிக்கு 1 முதல் 2 கிலோ போதும். ஒரு மாடியில் பயன்படுத்திய தூரிகையை அடுத்த மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பவுடர் போடாத நைட்ரைல் கையுறை போடுங்கள்.

வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டு, ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் சேர்த்துக் கலக்கி, பத்து விநாடி விட்டு மேல் நீரை இறுத்துவிடுங்கள். களிமண்ணும் சருகும் போய்விடும், கனமான துகள் அடியில் நிற்கும். நீர் தெளியும்வரை, எட்டுப் பத்து முறை. கழுவினால் கல்லிலிருந்து ஏதாவது கரைந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பென்னு மண்ணில் நீர் வற்றிப் படிந்த சோடியம் உப்புகள் இருப்பது 2025 ஜனவரியில் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஈரக் காற்று பட்டாலே அத்தகைய உப்பு போய்விடும். அதனால்தான் அதைத் தூய நைட்ரஜன் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நம் மாடித் துகளோ காற்றில் உருகி விழுந்து, பல மழையில் நனைந்தது. இன்னும் பத்துக் கழுவலில் அது புதிதாக இழக்க ஒன்றுமில்லை.

மலையில் வெயிலை நம்பி உலர்த்த வேண்டாம். மதியம் மூடுபனி இறங்கினால் ஈரம் திரும்ப ஏறும். திறந்த வெளியில் புதுத் தூசியும் விழும். எவர்சில்வர் தட்டில் மெல்லப் பரப்பி, இண்டக்‌ஷன் அடுப்பில் மிகக் குறைந்த சூட்டில் வையுங்கள். தண்ணீர் கொதித்தால் துகள் தெறிக்கும்.

உலர்ந்ததை இரண்டு எவர்சில்வர் சல்லடையில் சலியுங்கள்: மேலே 40 மெஷ், கீழே 100 மெஷ். 0.42 மி.மீ.க்கும் 0.15 மி.மீ.க்கும் நடுவில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. மற்றவற்றையும் கொட்டிவிடாமல் பெயரெழுதி எடுத்து வையுங்கள்.

அடுத்து காந்தம். நியோடிமியம் காந்தத்தை ஜிப் கவருக்குள் போட்டு, பொடிக்கு அரை செ.மீ. மேலே மெல்ல நகர்த்துங்கள். ஒட்டியதை வேறு தாளின்மேல் கொண்டுபோய், கவருக்குள்ளிருந்து காந்தத்தை விலக்கினால் துகள் தானே உதிரும். கவர் இல்லாமல் தொட்டுவிட்டால் அந்தக் காந்தத்தைச் சுத்தம் செய்வதற்குள் விடிந்துவிடும். நம் செம்மண்ணிலேயே இரும்புத் தாது உண்டு. நிறைய ஒட்டினால் மகிழ்ச்சிப்பட வேண்டாம். இன்னொன்று: கண்ணாடித் தன்மை கொண்ட நுண்விண்கற்கள் காந்தத்துக்குச் சரியாக மசிவதில்லை. ஒட்டாத பங்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விறைப்பான தாளில் பரப்பிச் சற்றே சாய்த்துத் தட்டினால் உருண்டைகள் முதலில் உருண்டு வரும். அவற்றைத் தனியே எடுக்கலாம்.

நுண்ணோக்கியில்

20 முதல் 60 மடங்கு பெருக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி வேண்டும். விளக்கு மேலிருந்து நேராக அடித்தால் எல்லா உருண்டையும் ஒரே மாதிரி பளபளக்கும். இரண்டு எல்இடி விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். பெட்ரி தட்டில் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அளவுக்கு ஒரு சிட்டிகை மட்டும். தட்டின் அடியில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, உழவுசால்போல வரிசை வரிசையாகப் போங்கள்.

முதலில் போலிகளைக் கழியுங்கள். கண்ணாடிபோலத் தெளிந்த, குறையே இல்லாத உருண்டை என்றால் அது சாலைக் கோட்டில் ஒளி திருப்பப் போடும் மணி. வெண்சாம்பல் நிறம், உள்ளே பொள்ளல் என்றால் கொதிகலன் சாம்பல். கரிய, வழவழப்பான, சில சமயம் ஊசித் துளையோ சிறு வாலோ உள்ள உருண்டை வெல்டிங் பொறி. கம்பி மத்தாப்பில் இரும்புத் தூள் கலப்பதால் அதுவும் இதேபோல் உருண்டை தரும். தீபாவளியை ஒட்டி எடுத்த மாதிரியில் இரும்பு உருண்டைகளை நாங்கள் அறவே நம்புவதில்லை. விண்ணிலிருந்து வரும் இரும்பு உருண்டைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஆகவே கல் வகையைத் தேடுங்கள். நிறம் கருப்பு அல்லது கரும்பழுப்பு. உருவம் உருண்டையோ, காற்றில் உருகிப் பறந்ததால் சற்று நீண்ட முட்டை வடிவமோ. மேற்பரப்பு வழவழப்பாக இராது. விளக்கை மெல்லத் திருப்பினால் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் இணைகோடுகளாக மின்னும். சிலவற்றில் கோடுகளுக்கு நடுவே மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் நுண்கிளைகளாகப் பிரிந்து கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு முனையில் வெள்ளி நிறத்தில் ஓர் உலோகக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அது நிக்கல் கலந்த இரும்பு. உருகிய துளி வேகம் குறையும்போது கனமான உலோகம் முன்பக்கம் நகர்ந்துவிடுவதால் அப்படி நிற்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த துகளை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கண் தானே பழகிவிடும்.

பொறுக்க இடுக்கி வேண்டாம்; அழுத்திய வேகத்தில் துகள் எங்கோ பறந்துவிடும். கூர்சீவிய டூத்பிக்கின் நுனியைத் தூய நீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பிப்ரவரிக் காற்று வறண்டு இருக்கும்போது பிளாஸ்டிக் கருவிகள் நிலைமின்னேற்றம் பெற்றுத் துகளைத் தள்ளிவிடும் அல்லது விடாமல் பிடித்துக்கொள்ளும். ஜப்பானியர்கள் அதே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தி, கண்ணாடி ஊசியால் இட்டோகாவாத் துகள்களைத் தூக்கினார்கள். நமக்கு மரக்குச்சி போதும்.

கருவி என்று வரும்போது, பென்னு மண்ணை வைத்திருக்கும் நாசாவின் ஹூஸ்டன் மையம் எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்று பாருங்கள். பென்னு மண்ணை அள்ளிய கருவியின் தலையில் 35 திருகுகள். அவற்றில் இரண்டு திறக்கவில்லை. கையில் கிடைத்த ஸ்பானரை உள்ளே விட முடியாது, அனுமதித்த உலோகங்களைத் தவிர வேறு எதுவும் மாதிரிக்குப் பக்கத்தில் வரக்கூடாது. காந்தத் தன்மையற்ற அறுவைச் சிகிச்சை எஃகில் புதுக் கருவி செய்து, அந்த இரண்டையும் கழற்ற 2024 ஜனவரி ஆகிவிட்டது. நைலானையும் தவிர்த்தார்கள். அது சிதைந்தால் ஓர் அமினோ அமிலம் வரும், தேடுவதே அமினோ அமிலத்தை எனும்போது அது வம்பு.

எண்ணும் பதிவேடும்

துகளைப் பொறுக்கிய அதே நிமிடத்தில் எண் கொடுங்கள். கோத-25-மா2-017 என்றால் கோத்தகிரி, 2025, இரண்டாம் மாடி, பதினேழாம் துகள். உடைந்தால் 017.1, 017.2, பழைய எண்ணை வேறு துகளுக்குக் கொடுக்கவே கூடாது, தொலைந்துபோனாலும். பதிவேட்டில் நிறம், நீள அகலம், மூன்று கோணப் படம், தொட்ட கருவிகள், எடுத்தவர், எந்தச் சாட்சித் தட்டு என்பவை இருக்கட்டும். எடை எழுத முயல வேண்டாம். 0.3 மி.மீ. உருண்டை ஒன்று ஏறக்குறைய 0.04 மில்லிகிராம், பள்ளித் தராசு அசையாது.

‘நுண்விண்கல்’ என்று எழுதாதீர்கள். வேதியியல் பார்க்கும்வரை எல்லாமே ‘ஐயத்துக்குரியது’தான்.

பெட்டி

குழி உள்ள ஸ்லைடில் ஒரு குழிக்கு ஒரு துகள், மேலே கண்ணாடி மூடி. ஃபெவிகால், செலோடேப் இரண்டும் பின்னால் வரும் ஆய்வைக் கெடுக்கும். ஸ்லைடுகளைக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடும் சிறிய ஈரமானியோடும் வையுங்கள். ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். நிறம் மாறினால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, ஆறியதும் திரும்பப் பயன்படுத்தலாம். ஜூன் முதல் நவம்பர் வரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

உறைபனிக் காலத்தில் குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். நுண்ணோக்கியின் லென்ஸிலும் மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கும் தனி ஜெல் டப்பா வேண்டும்.

ஈரம் படுத்தும் பாட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போன ரியூகு துகள் ஒன்றின்மேல் பாக்டீரியா இழைகள் வளர்ந்திருந்ததாக 2024இல் செய்தி வந்தது. அவை விண்ணிலிருந்து வந்த உயிர் அல்ல, பெட்டியைத் திறந்தபின் குடியேறிய நம் பூமி உயிர்.

வெளியே அனுப்பும்போது

உறுதி செய்ய எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அதோடு இணைந்த எக்ஸ் கதிர்த் தனிமப் பகுப்பாய்வும் வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் உண்டு. மக்னீசியம், சிலிக்கன், இரும்பு மூன்றும் மேலோங்கி, உலோகக் குமிழில் நிக்கல் தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. முதலில் பூச்சு (மின்சாரம் கடத்துவதற்காகத் துகள்மேல் பூசும் மெல்லிய படலம்) இல்லாமல், குறை வெற்றிடத்தில் பார்க்கக் கேளுங்கள். முடியாதென்றால் கார்பன் பூச்சு, தங்கம் வேண்டாம். அறுத்து மெருகேற்றுவது எல்லாவற்றுக்கும் பிறகு. நாசா பென்னு மண்ணில் குறைந்தது 70 சதவீதத்தை இனி வரப்போகும் ஆய்வாளர்களுக்கென்று தொடாமல் வைக்கிறது. அதே கணக்கில் பத்துத் துகள் இருந்தால் மூன்றுக்கு மேல் அனுப்பாதீர்கள்.

அனுப்புமுன் படம், எண், பெறுபவர் கையொப்பம். திரும்பியதும் அதே கோணத்தில் மறுபடி படம் எடுத்து ஒப்பிடுங்கள். பூச்சோடு வந்த துகளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனி ஸ்லைடில் போட்டு, பதிவேட்டில் பூச்சின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.