கூம்ஸ் டெஸ்ட் தாளைப் படிப்பது எப்படி?

"அக்கா, ஆன்டிபாடி பாசிட்டிவ்னு போட்டிருக்கே, பிள்ளைக்கு ஆபத்தா?" எங்கள் புளோக்கில் இருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணி, மின்தூக்கி வாசலில் தாளை நீட்டிக் கேட்டாள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தச் சோதனை என்று பாருங்கள். நேரடி கூம்ஸ் என்றால், சிவப்பணுமேல் ஆன்டிபாடி (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறோம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கூடினால் செய்வது இது. மறைமுக கூம்ஸ், பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், மிதக்கும் ஆன்டிபாடியைத் தேடுவது. கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் ஏற்றுமுன்பும் இதுதான்.

இந்த ஆன்டிபாடிகள் பெரும்பாலும் சின்னவை. அணுவில் ஒட்டினாலும் பக்கத்து அணுவை இழுத்துக் கட்ட எட்டாது. அதனால் ஆன்டிபாடியையே பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடியை ஊற்றுகிறோம். 1945இல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் எழுதிய வழி. டியூபைச் சுழற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் தட்டுவோம். நெகட்டிவ் என்றால் அடியில் படிந்த சிவப்பு புகைபோலக் கலையும். 1+ என்றால் ரவை ரவையாக நிற்கும். 4+ என்றால் ஒரே கட்டி, சுற்றிலும் தெளிந்த நீர்.

அடுத்து ஆன்டிபாடியின் பெயர். எனக்குப் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைவிட இதுதான் பெரிது. டி, கெல், லூயிஸ் என்பவை சிவப்பணுமேல் இருக்கும் அடையாளங்கள்; ஆன்டிபாடி எதை எதிர்க்கிறதோ அதன் பெயரே அதற்கு. ஆன்டி-டி, ஆன்டி-கெல் இருந்தால் கவனம் வேண்டும். ஆன்டி-லூயிஸ் பெரும்பாலும் குழந்தையைத் தொடாது.

அப்புறம் டைட்டர். பிளாஸ்மாவைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, எத்தனையாவது டியூப் வரை கட்டி தெரிகிறது என்று பார்ப்பது. 8 என்றால் எட்டு மடங்கு நீர்த்த டியூப் வரை கட்டி தெரிந்தது என்று பொருள். 8 இருந்தது 16 ஆனால் ஒரே ஒரு டியூப்தான் தள்ளியிருக்கிறது. செய்பவர் கை மாறினாலே அப்படி வரும். 8 என்பது 32 ஆனால் உண்மையான ஏற்றம். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே கூடத்தில் கொடுங்கள். கெல்லுக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாது. டைட்டர் குறைவாக இருக்கும்போதே டாக்டர்கள் ஸ்கேன் பார்ப்பார்கள்.

கடைசியாக, ஊசி. ரத்தவகை நெகட்டிவ் என்று இருக்கும், அதாவது சிவப்பணுவில் டி இல்லாத, கர்ப்பிணிகளுக்கு, உடல் தானே ஆன்டி-டி உண்டாக்காமல் தடுக்க, 28ஆம் வாரம் வாக்கில் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். நம் இந்தியர்களிடம் அந்த ரத்தவகை சீனர்களைவிடக் கூடுதல். அந்த ஊசி மருந்தே ஆன்டி-டிதான், அதனால் சோதனையில் லேசான பாசிட்டிவ் காட்டலாம். அவளுடைய தாளிலும் லேசான ஆன்டி-டிதான். "ஊசி போட்டீங்களா?" என்றேன். பையைத் துழாவி அட்டையை எடுத்தாள்: இரண்டு வாரம் முன்பு. சோதனைப் படிவத்தில் அதை யாரும் எழுதவில்லை. தேதியைத் தாளின் மேலேயே எழுதி, மறுநாளே டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.