பழைய லேப்டாப் ஊமையாகிவிட்டதா?
தருமபுரியில் அக்கா மகள் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய பழைய லேப்டாப்பில் சத்தம் நின்றுபோனது. கடையில் மதர்போர்டையே, அதாவது உள்ளே முக்கிய சிப்கள் இருக்கும் பலகையையே, மாற்றச் சொன்னார்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதில் கேட்டால், அந்தப் பலகையில் ஒலியைக் கையாளும் சவுண்ட் சிப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஹெட்போன் செருகும் 3.5 மி.மீ. துளைக்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது அழுந்தியே நின்றுவிட்டால், ஹெட்போன் இருப்பதாக எண்ணி லேப்டாப் ஸ்பீக்கரை அணைத்துவிடும். ஹெட்போன் பின்னை நாலைந்து முறை மெதுவாகச் செருகி எடுங்கள், சில நேரம் விடுபடும்.

எதிலுமே கேட்கவில்லையா? விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்குங்கள் (பூட் செய்யுங்கள்). அங்கே சத்தம் வந்தால், பெரும்பாலும் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ செட்டிங்கிலோதான் பிரச்சினை. அங்கும் வரவில்லை என்றால் சிப் போயிருக்கலாம். சரி, லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் செருகி, அதில் ஹெட்போனை மாட்டிக் கேட்கும் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். விரல் நீளம்தான், அதற்குள்ளேயே தனி சிப் இருக்கிறது. எங்கள் பிள்ளை இப்போது அதில்தான் பாடம் கேட்கிறாள்.