கேட் (CAD) வரைவு மென்பொருளில் டாங்கி வரைகிறீர்களா? முதலில் டிராக்கைக் கவனியுங்கள்

டாங்கி மாடல் செய்பவர்கள் பலரும் கோபுரத்திலும் பீரங்கிக் குழலிலும்தான் தொடங்குகிறார்கள். அவை எளிது. நேரத்தைத் தின்பது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புக் கண்ணிப் பட்டையான டிராக்தான், அதனால் அதை முதலில் முடிப்பது நல்லது.

ஒரே ஒரு கண்ணியை மட்டும் துல்லியமாக வரையுங்கள். கண்ணிகளை இணைக்கும் தண்டுதான் பின் (pin). ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரையுள்ள தூரம்தான் பிட்ச். டைகர் 1 டாங்கியில் இது 130 மி.மீ., ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள். அப்படியானால் டிராக் பாதையின் மொத்த நீளம் 12,480 மி.மீ. வர வேண்டும். சக்கரங்களைச் சுற்றி நீங்கள் வரையும் ஸ்கெட்ச் இந்தப் பின்களின் மையங்கள் வழியாகப் போகட்டும். கண்ணிகளின் வெளி விளிம்பில் வரைந்தால் கணக்கு உதைக்கும்.

நீளம் சரியாக வரவில்லையா? கண்ணியை இழுத்து நீட்டாதீர்கள். டிராக்கை இழுக்கும் பல்சக்கரத்துக்கு எதிர்முனையில் இருக்கும் ஐட்லர் சக்கரத்தைக் கொஞ்சம் முன்பின் நகர்த்துங்கள். நிஜ டாங்கியிலும் டிராக்கின் இறுக்கத்தை அப்படித்தான் சரிசெய்கிறார்கள்! ஐட்லர் சக்கர மையத்தின் தூரத்தை ஒரு பாராமீட்டராக வைத்துக்கொண்டால் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

அப்புறம் அந்த ஒரு கண்ணியைப் பாதை நெடுகப் பிரதியெடுக்க சாலிட்வொர்க்ஸில் செயின் பேட்டர்ன், ஃப்யூஷனில் பேட்டர்ன் ஆன் பாத், ஃப்ரீகேடில் பாத் அர்ரே. மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

டி-34 செய்தால் இன்னொன்று: டிராக்கின் மேல்பகுதியைத் தாங்கும் சிறு உருளைகள் அதில் கிடையாது. மேல்பகுதி டிராக் பெரிய சக்கரங்கள் மீதே தொய்ந்து கிடக்கும். அங்கே நேர்கோட்டுக்குப் பதில் ஸ்ப்லைன் (வளைகோடு) போடுங்கள், இரும்பின் கனம் கண்ணுக்குத் தெரியும்.