நீனோ வியேராவின் அரசியல் வாழ்வைக் காலக்கோடாக வரைய

பள்ளிக் கண்காட்சியில் விடுதலைப் போராளியின் சார்ட் பெரும்பாலும் விடுதலை நாளோடு முடிந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் போர்ச்சுகலின் காலனியாக இருந்த கினி-பிசாவைச் சேர்ந்த ஜோவாவ் பெர்னார்டோ ‘நீனோ’ வியேராவை அப்படி வரைந்தால் பாதி மனிதர்தான் தெரிவார். போரும் பதவியும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

22 x 28 அங்குல வெள்ளைச் சார்ட் இரண்டு போதும். மதுரையில் மாசி வீதிப் பக்கம் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். நீளவாக்கில் 2 செ.மீ. மேலேறும்படி ஒட்டினால் ஏறக்குறைய 140 செ.மீ. வரும். அவருடைய கட்சியான பி.ஏ.ஐ.ஜி.சி. தொடங்கிய 1956 முதல் 2009 முடிய 54 ஆண்டு. ஆண்டுக்கு 2.5 செ.மீ. என்றால் 135 செ.மீ.; இருபுறமும் 2.5 செ.மீ. ஓரம் மிஞ்சும். 30 செ.மீ. ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி அளக்காதீர்கள், ஒவ்வொரு நகர்த்தலிலும் பிழை கூடிக் கடைசி ஆண்டு ஓரத்தைத் தாண்டிவிடும். தையல் டேப்பை முழுக்க விரித்து, தொடக்கப் புள்ளியிலிருந்தே எல்லா ஆண்டையும் குறியுங்கள்.

1939-இல் தலைநகர் பிசாவில் பிறந்தார், எலக்ட்ரீஷியனாக இருந்தார் என்பதைத் தலைப்புக்குக் கீழே எழுதலாம். 1960-இல் கட்சியில் சேர்ந்ததிலிருந்து 1974 வரை பச்சை. சீனாவில் பயிற்சி பெற்றதும், தெற்குப் போர்முனைத் தளபதியானதும் இங்கே வரும்.

இடம் நெருக்குவது 1973-74-இல்தான். 1973 ஜனவரி 20 அன்று அண்டை நாடான கினியின் தலைநகர் கொனாக்ரியில் கட்சித் தலைவர் அமில்கார் கப்ரால் கொல்லப்பட்டார். செப்டம்பர் 24 அன்று விடுதலை அறிவிப்பு. அப்போது மக்கள் பேரவைத் தலைவர் வியேரா. 1974 செப்டம்பர் 10 அன்று போர்ச்சுகல் அதை ஏற்றது. மூன்றும் ஏறக்குறைய 4 செ.மீ.க்குள் விழும். கோட்டுக்கு மேலொன்று கீழொன்றாக எழுதி, அம்புக்குறியை நீட்டுங்கள். விடுதலைக்கு ஒரே தேதி போட்டால் தவறு, இரண்டையும் போடுங்கள்.

1978-இல் பிரதமர். 1980 நவம்பர் 14 அன்று அதிபர் லூயிஸ் கப்ராலை ராணுவப் புரட்சியில் கவிழ்த்தார். லூயிஸ், அமில்காருக்குத் தந்தை ஒருவரே, தாய் வேறான சகோதரர். இருவரையும் ஒருவராக எழுதிவிடுவது வழக்கமான பிழை. பக்கத்தில் காரணத்தையும் குறியுங்கள்: உணவுத் தட்டுப்பாடு, கேப் வெர்டே தீவுகளின் வழிவந்த தலைவர்கள்மீது மனக்கசப்பு.

அங்கிருந்து 1999 மே 7 வரை, அவர் ஆண்ட காலம், 46 செ.மீ. சிவப்பு. 1994 வரை சாய்கோடுகளாக, அதன்பிறகு முழு வண்ணமாகத் தீட்டுங்கள். முதல் பல கட்சித் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் கும்பா யாலாவை வென்றது அந்த ஆண்டுதான். துணைத்தலைவர் பவுலோ கொரெயா 1986-இல் கொல்லப்பட்டதை விடக் கூடாது, எதிரிகளை வியேரா எப்படி நடத்தினார் என்பது அதில் தெரிகிறது. தளபதி அன்சுமானே மானேயை நீக்கியதும் 1998 ஜூனில் உள்நாட்டுப் போர் மூண்டது; அதில் பதவி போயிற்று.

அடுத்த 16 செ.மீ. நீலப் புள்ளிக்கோடு, போர்ச்சுகலில் கழித்த நாடுகடந்த வாழ்வு. 2005-இல் கட்சி சாராத வேட்பாளராக வென்று மீண்டும் அதிபர், மீண்டும் சிவப்பு. 2009 மார்ச் 1 அன்று அப்போதைய ராணுவத் தளபதி குண்டுவெடிப்பில் இறந்தார். சில மணி நேரத்தில், மார்ச் 2 அன்று, படைவீரர்கள் வியேராவைக் கொன்றார்கள். ஒரு நாள் இடைவெளி கோட்டில் தெரியாது, தனிப் பெட்டியில் எழுதுங்கள்.

மூலையில் சிறு வரைபடம் தேவை: வடக்கே செனகல், தெற்கிலும் கிழக்கிலும் கினி. கினி வேறு, கினி-பிசாவ் வேறு. பரப்பு 36,125 ச.கி.மீ., தமிழ்நாட்டில் கால் பங்குக்குச் சற்று அதிகம்.

சுண்ணாம்புச் சுவரில் செலோடேப் நிற்காது. மேல் விளிம்பில் மூங்கில் குச்சி ஒட்டிச் சணல் கயிற்றில் கட்டுங்கள்.