ஒயின் விமர்சகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமர்சகர் நூற்றுக்கு ‘92’ மதிப்பெண் கொடுத்ததாகக் கடைத் தட்டில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தால் போதும், பக்கத்துப் புட்டியைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தாங்கள் சுவைத்தே பார்த்திராத ஒயினுக்கு, யாரோ ஒரு விமர்சகரின் நாக்கை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை கெடுவதற்குப் பெரும்பாலும் ஒயின் பண்ணைகள் விமர்சகருக்குத் தரும் விருந்துதான் காரணமாகிறது.

பிரான்சின் போர்தோவில் ஆண்டுதோறும் வசந்த காலத்தில், முந்தைய அறுவடையின் ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே விமர்சகர்களுக்குச் சுவைக்கத் தருகிறார்கள். பல பண்ணைகளில் உரிமையாளர் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். கோப்பையில் இருப்பது எந்தப் பண்ணையின் ஒயின் என்பதும் தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த நமக்கு அந்தச் சங்கடம் எளிதில் புரியும். ஆனால் விமர்சகர் உப்புக்கடன் தீர்க்க வேண்டியது வாசகருக்குத்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுவைக்கத் தரும் மாதிரியைத் தயாரிப்பது பண்ணையேதான். ஒயின் புட்டிக்குள் போவதற்கோ இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே பீப்பாய் மாதிரிக்கு ‘92–94’ என்பதுபோல ஒரு வரம்பை மட்டும் சொல்வதே நேர்மை. பிறகு கடையில் தன் காசில் வாங்கி மறுபடியும் சுவைக்க வேண்டும்.

சொந்த நலனை மறைப்பது அடுத்த தவறு. 100 புள்ளி முறையைப் பிரபலமாக்கிய ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர், 1978இல் தொடங்கிய தன் இதழில் விளம்பரம் வாங்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகனில் மைத்துனரோடு சேர்ந்து அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. ‘போ ஃப்ரேர்’ என்ற அதன் பிரெஞ்சுப் பெயருக்கே மைத்துனர்கள் என்றுதான் பொருள். அதன் ஒயின்களுக்கு அவர் மதிப்பெண் போடவில்லை. பார்க்கரின் ரசனையோடு எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. இந்த ஒழுங்கை மட்டும் மதிக்கிறேன்.

தன் நாக்கை அளவுக்கு மீறி நம்புவதும் தவறுதான். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன் ஒரு சோதனை நடத்தினார். முப்பது கோப்பைகள் கொண்ட வரிசையில் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை மூன்று இடங்களில் வைத்தார். நடுவர்களுக்கு அது தெரியாது. மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பிட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். ஏறக்குறைய அதே அளவினர், அதே ஒயினுக்கு ஒருமுறை வெண்கலமும் இன்னொரு முறை தங்கமும் கொடுத்தார்கள். இது தெரிந்த பிறகும் 91க்கும் 92க்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பதுபோல எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும். முகப்புச் சீட்டை மறைத்துச் சுவைத்தாரா, எத்தனை ஒயின்களுக்கு நடுவே சுவைத்தார் என்பதை விமர்சகர் சொல்லியே ஆக வேண்டும். 1976இல் பாரிஸில் சீட்டை மறைத்துச் சுவைத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு விருது தருபவர்கள் சரிபார்க்கும் வேலையை மட்டும் விட்டுவிடக் கூடாது. மிலான் நகரில் இல்லவே இல்லாத ஓர் உணவகத்தின் பெயரில் ஒயின் பற்றி எழுதும் ராபின் கோல்ட்ஸ்டீன் 250 டாலர் கட்டி விண்ணப்பித்தார். ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ இதழ் அதன் ஒயின் பட்டியலுக்கு விருது கொடுத்தது. 2008இல் அவரே அதை வெளிப்படுத்தினார். பட்டியலில் இருந்த விலையுயர்ந்த ஒயின்களில் பல, அந்த இதழே முன்பு மட்டமான மதிப்பெண் கொடுத்தவை.

இன்னொன்று, அவசரம். கெட்ட தக்கையால் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறிவிடும். அந்த ஒரு புட்டியை வைத்து ஒரு பண்ணையின் ஓராண்டு உழைப்பைக் குறை சொல்லக் கூடாது. இரண்டாவது புட்டியைத் திறக்க வேண்டும். திறந்ததைக் குறிப்பிலும் எழுத வேண்டும்.