காய் என்றாலே வாயை மூடிக்கொள்ளும் குழந்தைக்கு: எங்கிருந்து தொடங்குவது?

தட்டில் ஒரு பச்சைத் துண்டு தெரிந்தால் போதும், சில பிள்ளைகள் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். கெஞ்சியும் மிரட்டியும் போனைக் காட்டியும் ஊட்டிக் களைத்துப்போன பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இது உங்கள் வளர்ப்பில் உள்ள குறை அல்ல. 2 வயதிலிருந்து 6 வயது வரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு. பல குழந்தைகளுக்குக் கசப்பும் நம்மைவிடக் கூடுதலாகவே தெரியும். ஆகவே இன்றைக்கு எத்தனை வாய் உள்ளே போனது என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள். அந்தக் காய் குழந்தைக்குப் பழக வேண்டும். அதுதான் இப்போதைய வேலை.

படி 1: பசியோடு வரட்டும்

இதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பால், கொஞ்சம் ஜூஸ் என்று உள்ளே போனால் பசி அடங்கிவிடும். பசியில்லாத பிள்ளை பிடித்ததையே தள்ளிவைக்கும், காயைத் தொடுமா? சாப்பாட்டுக்கும் நொறுக்குத்தீனிக்கும் நேரம் வைத்துவிட்டு, இடையில் இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும் கொடுங்கள். ஒரு வயதுக்குள் ஜூஸ் கூடாது, 1 முதல் 3 வயது வரை நாளுக்கு 120 மில்லியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-இல் சொன்னது. பழத்தைப் பழமாகவே கொடுப்பதுதான் நல்லது.

படி 2: ஒரே ஒரு காய், பட்டாணி அளவு

ஐந்து காயை ஒன்றாக அறிமுகப்படுத்தாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குழந்தைக்குப் பிடித்த உணவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு வையுங்கள். “சாப்பிட்டுப் பாரேன்” என்றுகூடச் சொல்ல வேண்டாம். தொட்டால் நல்லது. முகர்ந்தாலும், நக்கினாலும், வாயில் போட்டுத் துப்பினாலும் அது முன்னேற்றம்தான். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி வையுங்கள். ஒரு புது ருசி பழக 8 முதல் 15 முறை வரை ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது நான்காவது முறையிலேயே “இவனுக்கு இது பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதுவும் குழந்தையின் காதுபடவே.

படி 3: யார் எதைத் தீர்மானிப்பது?

என்ன உணவு, எப்போது, எங்கே என்பதெல்லாம் பெரியவர்களின் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொன்ன இந்தப் பிரிவினையை நான் முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். “இன்னும் ஒரே ஒரு வாய்” என்ற பேச்சு இதோடு நின்றுவிட வேண்டும். “பீன்ஸ் சாப்பிட்டால் சாக்லேட்” என்ற பேரமும் வேண்டாம். அப்படிச் சொன்னால் பீன்ஸ் ஒரு தண்டனை, சாக்லேட்தான் பரிசு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். ருசி பார்த்ததற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தால் தவறில்லை.

படி 4: சமைக்கும் விதத்தை மாற்றுங்கள்

பல நேரம் குழந்தை வெறுப்பது காயை அல்ல, அதன் குழைவையும் வாடையையும்தான். காலிஃபிளவரையும் முட்டைக்கோஸையும் அதிக நேரம் வேகவிட்டால் கந்தக வாடை கிளம்பும்; கொஞ்ச நேரம் ஆவியில் வைத்து எடுத்தால் போதும். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, எண்ணெயில் புரட்டி, கனமான வாணலியில் சிறுதீயில் மூடி வையுங்கள். உள்ளே வெந்ததும் மூடியை எடுத்துத் தீயைக் கூட்டுங்கள். ஓரங்கள் பழுப்பாகும்போது இனிப்பு தூக்கலாகத் தெரியும். ஒரு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அரைத்து சூப்பில் கலக்கலாமா என்று கேட்பார்கள். கலக்கலாம், ஆனால் ஒளிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை அந்த சூப்பையும் நம்பாது. அதே காயை வேறு வேளையில் முழுசாகவும் தட்டில் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 4 வயதுக்குள் முழு திராட்சையும் பச்சைக் கேரட் துண்டும் தொண்டையில் அடைக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். கேரட்டை மெத்தென்று வேகவையுங்கள்.

படி 5: கையில் கொடுங்கள்

பட்டாணி உரிப்பது, தக்காளி கழுவுவது, கீரை ஆய்வது எல்லாம் சின்னக் கைகளுக்கு ஏற்ற வேலை. அப்புறம், நீங்களும் அதே காயை அதே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எவ்வளவு போதும்?

காயும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது, 2 முதல் 5 வயது வரை 250 கிராம், 6 முதல் 9 வரை 350 கிராம், 10 வயதிலிருந்து 400 கிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வகுத்தது. இதை ஒரே வாரத்தில் எட்டிப்பிடிக்க வேண்டியதில்லை. காய் இறங்காத நாட்களில் பழம் கைகொடுக்கும்.

ஆனால் எடை குறைந்தாலோ, மெல்லவும் விழுங்கவும் சிரமப்பட்டாலோ, அடிக்கடி குமட்டினாலோ, சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவுகளையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது கடந்த சில நாட்களில் குழந்தை என்னென்ன சாப்பிட்டது, எவ்வளவு பால் குடித்தது என்று எழுதி எடுத்துப் போனால் அவருக்கு உதவியாக இருக்கும்.