சர்ஃபைத் தூக்கிய பிறகுதான் என் கயரடாஸ் ஜெயிக்க ஆரம்பித்தது

போகிமான் வீடியோ கேமில் என் கயரடாஸ் என்ற தண்ணீர் வகைப் போகிமான் ஏன் இப்படி உதை வாங்குகிறது என்று ஒரு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். போன மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகன் என் ஸ்விட்ச் கேம் கருவியை வாங்கிப் பார்த்தான். கையெல்லாம் பெங்களூரா மாம்பழப் பிசுக்கு வேறு.

"மாமா, இதுக்கு அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் வெறும் 60. இதுக்குப் போய் சர்ஃபா?"

சர்ஃப் என்ற தண்ணீர் அடியின் பலம் ஸ்பெஷல் அட்டாக்கைப் பொறுத்தது. தப்பு என் பழைய பழக்கத்தில் இருந்தது. நான் ரூபி என்ற பழைய போகிமான் கேம் காலத்து ஆள். அப்போது தண்ணீர் வகை அடி எல்லாமே ஸ்பெஷல் கணக்கு, 2006-இல் வந்த டைமண்ட், பேர்லில்தான் ஒவ்வோர் அடியும் அட்டாக் கணக்கா ஸ்பெஷல் கணக்கா என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். சரி என்று சர்ஃபைத் தூக்கிவிட்டு அட்டாக் கணக்கில் வரும் தண்ணீர் அடியான வாட்டர்ஃபால் வைத்தேன், அட்டாக்கை ஏற்றும் அடமன்ட் குணம், அப்புறம் டிராகன் டான்ஸ். ஒருமுறை ஆடினால் அட்டாக்கும் வேகமும் ஒன்றரை மடங்கு!

கயரடாஸ் தண்ணீர், பறத்தல் என்று இரண்டு வகையும் சேர்ந்தது என்பதால் மின்சார அடி மட்டும் இன்னமும் நான்கு மடங்கு விழும். எதிராளி அதை அடிக்கப்போகிறான் என்று தோன்றினால் மின்சாரமே ஏறாத தரை வகை ஹிப்போடானை இறக்கிவிடுகிறேன். கணிப்பு தவறினால் போச்சு, அதற்கு மருந்து கிடையாது.